முப்பதாம் நம்பர் கோடு

அறுபத்தேழு வயதில் நான் கம்ப்யூட்டரில் கோடு போடக் கற்றுக்கொண்டேன். மவுஸைப் பிடித்து இழுத்துப் போடுகிற கோடு இல்லை, அதைச் சின்னப் பிள்ளைகளும் போடும். நான் போட்டது எழுதிப் போடுகிற கோடு. எந்தப் படம், எந்தப் புள்ளியில் தொடங்க வேண்டும், எந்தப் புள்ளியில் முடிய வேண்டும், என்ன நிறம், எவ்வளவு தடிமன், எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதி ஓடவிட்டால் படத்தின்மேல் கோடு விழும். இப்படிக் கோடு, வட்டம், கட்டம் எல்லாம் போடுவதற்கான கட்டளைகளை யாரோ முன்பே எழுதி ஒரே கட்டாக வைத்திருக்கிறார்கள். அதற்கு லைப்ரரி என்று பேர். என் மகள் திருப்பதியில் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் இதைத்தான் பாடம் நடத்துகிறாள். அவளிடம் படிக்கிறவர்கள் இரண்டு வாரத்தில் பிடிப்பதை நான் நாலு நாளில் பிடித்தேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரைக்கும்.

இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. சித்தூர் மண்டியில் மாங்காய் மூட்டை தூக்கினவன் நான். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துப் படித்தேன். இருபத்தாறு வயதில் சொந்தமாக ரீவைண்டிங் கடை போட்டேன். போர்வெல்லில் இறக்குகிற மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் சுற்றுவதில் இந்தப் பக்கத்தில் என்னைத் தாண்டினவன் இன்றைக்கும் இல்லை. எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சாகிற வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நின்றுதான் வேலை செய்தார். நானும் அண்ணனும் புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் வாங்கி, ஆளுக்கு இரண்டாகப் பிரித்து, மாமரம் வைத்தோம். யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் கோடு போடக் கற்ற அந்த நாட்களில் எனக்கு எதிலும் மனசு இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பெண்டாட்டி போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் அது உம்மென்று சத்தம் மட்டும் போடும், சுற்றாது. நான் அப்படித்தான் இருந்தேன். கடையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டுத் திருப்பதிக்கு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் எழுந்து ஜன்னல் பக்கம் உட்காருவேன். எதிரே மலை தெரியும். மகள் தட்டு வைத்தால் துன்னுவேன், வைக்காவிட்டால் கேட்க மாட்டேன். நைனாவுக்கு அழுகை வரவில்லையே என்று மகள் அவள் சிநேகிதியிடம் போனில் சொல்வது காதில் விழுந்தது. அதுவும் யாரைப் பற்றியோ பேசுகிற மாதிரிதான் இருந்தது.

எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை. சொந்த நிலம் இருந்தால் அதிலேயே அடக்கம். என் பெண்டாட்டிக்கு என் பங்கில்தான் முதலில் குழி வெட்டினார்கள். இரண்டடியில் பாறை வந்தது. கொஞ்சம் தள்ளி வெட்டினார்கள், அங்கேயும் பாறை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் வரப்பில் வெட்டினார்கள். அந்த வரப்பு வடக்கு தெற்காகப் போகிறது. மேற்கே என் பங்கு, கிழக்கே அண்ணன் பங்கு. வடக்குக் கோடியில் ஒரு கல், தெற்குக் கோடியில் ஒரு கல். நடுவில் வரப்பு மழையில் கரைந்தும் மாடு மிதித்தும் இப்படியும் அப்படியும் போகும். எந்த முழம் யாருடையது என்று நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டி வந்ததில்லை.

அப்புறம் ஊருக்கு ரீசர்வே வந்தது. வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்து அளந்து, புதுக்கல் போடுவார் என்று சொன்னார்கள். அண்ணன் மகன் அதற்குள் அவர்கள் பங்கைக் கோழி ஷெட் போடுகிற ஒருத்தருக்குப் பேசி முடித்திருந்தான். வாங்குகிறவர், சமாதி இருக்கும் நிலம் எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். சர்வேயர் வருவதற்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை காலை, அண்ணன் எனக்கு போன் போட்டார்.

"சர்வேயர் வர்றதுக்குள்ள அத எடுத்து உன் பக்கம் வெச்சிக்கோ."

"எடுத்துன்னா?"

"எடுத்துன்னா எடுத்துதான். தெரியாத மாதிரி கேக்காத."

"அது என் பக்கம்தான் கீது."

"உன் பக்கம் கீறது பாறை. அவ என் பக்கம் கீறா."

போனை வைத்த பிறகு மகளிடம் சொன்னேன். அவள் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அம்மாவத் தோண்டறதா," என்றாள். அவ்வளவுதான். டிபன் டப்பாவை எடுக்காமலே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு விளங்கினது இதுதான்: கல்லுக்குக் கல் நேராகக் கோடு போட்டால் அவள் என் பக்கம் விழ வேண்டும். விழாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் குழியைத் திறக்க வேண்டும். கோபமோ பயமோ வரவில்லை. கணக்கு மட்டும் தெரிந்தது.

மேஸ்திரியிடம் சொல்லி, சித்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருத்தரை நிலத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். மாப்பிள்ளை ஊர்வலத்தை மேலே இருந்து எடுக்கிற ட்ரோனை அவர் எங்கள் மாந்தோப்புக்கு மேல் பறக்கவிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். பென் டிரைவில் போட்டு மேஸ்திரி கொண்டுவந்து கொடுத்தான். நான் போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் நான் கால் வைக்கவில்லை. படம் கையில் இருந்தால் அங்கே போகாமலே, திருப்பதியில் உட்கார்ந்துகொண்டே எது யாருடையது என்று காட்டிவிடலாம். அந்தப் படத்தை அண்ணன் மகன் போனுக்கு அனுப்பினால் முடிந்தது. அதுதான் என் யோசனை.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் பச்சையாக ஒரு உருண்டை. வரப்பு ஒரு வெளிறின கீற்று. இரண்டு கோடியிலும் கல் தெரிந்தது, வெள்ளை அடித்திருந்தோம். நடுவில் கொஞ்சம் சிவந்த மண், நீளவாக்கில். அதுதான் அவள். சுண்டுவிரல் வைத்தால் மறைந்துவிடும்.

"பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்தா முடிஞ்சிது நைனா, ஒரு நிமிஷம்," என்றாள் மகள்.

"கையால இழுத்த கோட்ட உங்க பெரிப்பா ஒத்துக்குவாரா? நம்பரோட வேணும்."

அப்படித்தான் நான் அதைக் கற்க உட்கார்ந்தேன். படத்தின்மேல் எங்கே தட்டினாலும் அந்த இடத்தின் நம்பர் வருகிற மாதிரி மகள் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். எல்லாப் படமும் புள்ளிகளால் ஆனது, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு நம்பர், பக்கவாட்டில் எத்தனையாவது, கீழே எத்தனையாவது என்று சொன்னாள். "மேல எடது மூலதான் சைபர். கீழ எறங்க எறங்க நம்பர் ஏறும். பசங்க எல்லாம் இதுலதான் தப்பு பண்ணுவாங்க, மேல போனா ஏறும்னு நெனச்சிக்கினு."

"இதுல என்ன தப்பு வரும்? போர்வெல்லும் அப்டித்தானே. இருநூறு அடின்னா எறங்கறதுதான்."

அடுத்த வகுப்பில் அதையே சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள். சொல்லியிருப்பாள்.

முதல் நாள் வெள்ளைப் படத்தில் பழகினேன். கட்டம் வேண்டுமென்றால் மேல் இடது மூலை ஒன்று, கீழ் வலது மூலை ஒன்று, இரண்டு போதும், மற்ற இரண்டு மூலையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வட்டத்துக்கு நடுப்புள்ளியும் ஆரமும். தடிமன் இருக்கிற இடத்தில் மைனஸ் ஒன்று எழுதினால் உள்ளே முழுக்க நிறம் நிரம்பிவிடும். சிவப்பு வேண்டும் என்று மூன்று நம்பரில் முதல் நம்பரைப் பெரிதாக வைத்தேன், நீலமாக வந்தது. ஃபேஸ் மாறிப்போயிருக்கிறது என்று நானே முதலையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டேன், சிவப்பு வந்துவிட்டது. மகள் அப்புறம்தான் சொன்னாள், இந்த லைப்ரரியில் நீலம், பச்சை, சிவப்பு என்றுதான் வரிசையாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று கம்பியில் எது மாறினால் மோட்டார் திரும்பிச் சுற்றும் என்று தெரிந்தவனுக்கு இது ஒரு விஷயமா.

நாலாம் நாள் மகள் காலேஜுக்குப் போன பிறகு உண்மையான படத்தைத் திறந்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் முன்னூற்றிருபது அடி. வாங்கும்போது நானே சங்கிலி பிடித்து அளந்தது. படத்தில் இரண்டு கல்லுக்கும் நடுவில் இரண்டாயிரத்தைந்நூற்றறுபது புள்ளி. அப்படியென்றால் ஒரு அடிக்கு எட்டுப் புள்ளி. வடக்குக் கல்லின் நம்பரை எழுதினேன். தெற்குக் கல்லின் நம்பரை எழுதினேன். சிவப்பு எழுதினேன். கடைசியில் தடிமன்.

அரை அடி இப்படி அப்படிப் போனாலே பக்கம் மாறிவிடும். கோடு மயிர் மாதிரி இருக்க வேண்டும். மகள் எழுதிக் கொடுத்த மாதிரியில் தடிமன் இரண்டு என்று இருந்தது. எங்கள் தொழிலில் இரண்டாம் நம்பர் கம்பி என்றால் விரல் தடி இருக்கும். நம்பர் ஏற ஏறத்தான் கம்பி சன்னமாகும். சின்ன மோட்டாருக்குச் சுற்றுகிற முப்பதாம் நம்பர் கம்பி நூல் மாதிரி. முப்பது என்று எழுதினேன். சேமிக்கிற இடத்தில் அதே படத்தின் பேரை எழுதினேன், வேறு பேர் எதற்கு என்று. ஓடவிட்டேன்.

கல்லுக்குக் கல் வண்டித்தடம் மாதிரி ஒரு சிவப்புப் பட்டை விழுந்திருந்தது.

சன்னம் போதவில்லை என்று நினைத்து நாற்பது எழுதினேன். பட்டை இன்னும் அகலமானது. அப்போதுதான் கம்ப்யூட்டர் ஊரில் கணக்கு தலைகீழ் என்று விளங்கியது. இரண்டு எழுதினேன். நிறத்தையும் கறுப்பாக மாற்றினேன். கோடு நூல் மாதிரி அழகாக விழுந்தது. ஆனால் பட்டைக்கு மேல் விழுந்தது. பட்டை போகவில்லை. சிலேட்டில் எழுதி அழிப்பது போல என்று நினைத்திருந்தேன். மண் நிறத்துக்கு நம்பர் கண்டுபிடித்து அதே நாற்பதில் மேலே ஒரு கோடு போட்டேன். சிவப்பு மறைந்தது. அவளும் இல்லை. இரண்டு பக்கமும் மரம் இருந்தது, நடுவில் சுத்தமான மண். கோழி ஷெட்காரருக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது படம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடித்தேன். கீழே யாரோ ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அதைக் கொஞ்ச நேரம் கேட்டேன்.

மகள் வந்ததும் சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து பார்த்தாள்.

"படத்துக்குக் காப்பி எடுத்து வெச்சியா?"

"எதுக்கு காப்பி? கோட்ட எடுத்துட்டா அடியில படம் இருக்கும்ல."

"அடியில ஒண்ணும் இருக்காது நைனா. கோடு படத்துக்கு மேல இல்ல. கோடு போட்ட எடத்துல கோடுதான் படம்."

பென் டிரைவிலேயே திறந்து பென் டிரைவிலேயே சேமித்திருந்தேன். ஸ்டுடியோக்காரருக்கு போன் போட்டேன். அடுத்த கல்யாணத்துக்காக மெமரி கார்டை அன்றைக்கே காலி பண்ணிவிட்டாராம். முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வர முடியாது, அப்புறம் வேண்டுமானால் இன்னொரு தடவை பறக்கவிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. அம்மா இருந்த எடத்துல ஒரு ரெக்டாங்கிள் போட்டுடலாம். நம்பர் சொல்லு. மேல் மூல எங்க வருது?"

"நடுவுல."

"நடுவுலன்னா? தெக்குக் கல்லுல இருந்து எத்தினி அடி?"

"தெரியல."

"நீளம்?"

"ஆள் நீளம்."

"அம்மா என்ன ஒயரம்?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தவள். ஓடுகிற சத்தத்தை வைத்தே மோட்டார் எத்தனை எச்.பி. என்று சொல்கிறவன் நான். அவள் என் தோளுக்கு வருவாளா, காதுக்கு வருவாளா என்று யோசித்துப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. குழிக்குள் இறக்கின அன்றைக்கு நான் அங்கேதான் நின்றிருந்தேன். எந்த இடத்தில் நின்றேன் என்பதுகூட வரவில்லை.

"உனக்குத் தெரியாதா?" என்று மகளைக் கேட்டேன்.

"தெரியாது," என்றாள். "எனக்கும் தெரியாது நைனா." லாப்டாப்பை மூடினாள். "நீயே போய் அளந்துக்கினு வா."

வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டும்போது தூக்கம் வந்தது, புத்தலப்பட்டில் கண்டக்டர் எழுப்பிவிட்டார். கடையில் இருந்து வரவழைத்த இருநூறடி டேப் மடியில் இருந்தது. நிலத்துக்கு நடந்து போனேன். காலுக்கு மண் சுட்டது. அவள் இருக்கிற இடத்தைத் தூரத்தில் பார்த்ததும் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். மேடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது, புல் பிடித்திருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

தெற்குக் கல்லில் டேப் நுனியை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனால் பாதியில் நுனி கழன்று சுருண்டு வந்தது. ஒரு செங்கல்லை வைத்து அழுத்தினேன், அதையும் இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை போகும்போது பின்னால் சத்தம்.

"ஒத்த ஆளா டேப் புடிச்சா இப்டித்தான் ஆவும்."

அண்ணன். தோளில் மண்வெட்டி. என்னைவிட ஐந்து வயசு மூத்தவர், கைநாட்டு. கல்லுக்குப் பக்கத்தில் போய் டேப் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். நான் இழுத்துக்கொண்டு போனேன்.

"எத்தினி?"

"நூத்து நாப்பத்தெட்டு. தல மாட்டுக்கு."

"தெக்கதான தல?"

"ஆமா."

அவர் டேப்பை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "கம்ப்யூட்டர்ல கோடு போடறியாமே. மேஸ்திரி சொன்னான்."

"போட்டேன். சன்னமா வேணும்னு முப்பதாம் நம்பர் போட்டேன். அங்க நம்பர் ஏறினா தடியாவுது."

"கம்பி நம்பரா?" அவர் சிரித்துவிட்டார். நான் கடை போட்ட புதிதில் மூன்று வருஷம் கூட இருந்து காயில் சுற்றினவர், அவருக்குத் தெரியும். "உனக்குத் தெரிஞ்சதுதான் ஒலகத்துக்கே அளவுன்னு நெனச்சிக்கினு கீற. சரி, அவ எங்க வந்தா அதுல?"

"வரல. கோட்டுக்கு அடியில பூட்டா."

சிரிப்பு நின்றது. மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தார்.

"கோட்டுக்கு அடியில," என்றார்.

"தெரியாம ஆயிப்போச்சி. திரும்பிக் கட்டம் போடணும். அதுக்குத்தான் அளக்க வந்தேன். நீளம் தெரியல."

"அஞ்சடி ரெண்டு அங்குலம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"குழி வெட்டறவன் கேட்டான். உன்னதான் கேட்டான். நீ வாய தொறக்கல, நான் சொன்னேன். எங்க வூட்டு நெலப்படி அஞ்சடி மூணு. அவ தல இடிக்காம வருவா. உங்க அண்ணி இடிச்சிக்குவா. அத வெச்சி சொன்னேன்." மேட்டைக் காட்டி, "மண்ணு போடவும் நீ வரல. பேரு சொல்லிக் கூப்ட்டேன், மரம் மாதிரி நின்ன. மூணு கை நான்தான் போட்டேன்," என்றார்.

குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. நடந்ததைச் சொன்னார். நான் சரி என்றேன்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அளந்தோம். கல்லுக்குக் கல் கயிறு கட்டினோம். கயிறு அவளுக்கு நட்டநடுவில் போனது. மேடு மூன்றடி அகலம். ஒன்றரை அடி என் பக்கம், ஒன்றரை அடி அவர் பக்கம். நான் சொன்னதும் பொய், அவர் சொன்னதும் பொய்.

"ஷெட்டுக்காரன் ஒத்துக்க மாட்டான்," என்றார் அண்ணன். "பாதி சமாதின்னாலும் சமாதிதான்."

"பாறை இல்லாத எடம் தேடறேன்."

"எங்க தேடுவ? உன் பக்கம் பூரா பாறை. வெட்டி எடுத்துட்டு எங்க வெப்ப?" புல்லை ஒரு கொத்துப் பிடுங்கிப் போட்டார். "நேர்க் கோடுதான் போட வருமா உனக்கு?"

"நெறைய புள்ளி குடுத்தா வளைஞ்சும் வரும். அதுக்குத் தனிக் கட்டளை கீது."

"அப்ப வளைச்சிட்டுப் போ. இந்த எடத்துல என் பக்கம் உள்ள வந்து, அவளச் சுத்திக்கினு, மறுபடி நேராப் போவட்டும். சர்வேயரு கல்லு போட்டுட்டா அப்பால அது உன்னுது. ஷெட்டுக்காரனுக்கு அதுல என்ன வந்துச்சி. ஆனா சும்மா இல்ல. வடக்குக் கல்லுகிட்ட கீற ரெண்டு பெங்களூரா மாமரம் என் பக்கம் வரணும்."

அந்த இரண்டு மரமும் என் தோப்பிலேயே அதிகம் காய்க்கிற மரம். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்களுக்கு அதைக் காட்டித்தான் நான் தோப்பு பேசுவேன். "எடுத்துக்கோ," என்றேன்.

"ரெண்டு கேட்டேன்."

"ரெண்டும் எடுத்துக்கோ."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "பேரம் பேசுடா. ஒரு மரம் தரேன்னு சொல்லு. தரவே மாட்டேன்னு சொல்லு. நீ பேசாம குடுத்தா எனக்கு என்னமோ மாதிரி கீது."

"இன்னா பேசறது."

"நெலம் பிரிக்கும்போது ஒரு முழத்துக்கு மூணு நாள் பேசின ஆளு நீ." கிழக்குப் பக்கம் நடந்து போய்க் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கீறினார். "இதோ, இங்க வரைக்கும் வளையுது. போதுமா?" நான் தலையாட்டினேன். அவர் அங்கேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "வளைக்கறதே வளைக்கறோம். உனக்கும் சேத்து வளைச்சிடலாமா? நாளைக்கு நீ போனப்புறம் இன்னொரு தபா சர்வேயரக் கூப்ட முடியாது."

சண்டை வளர்க்கிறதுக்குச் சொன்னாரா, விளையாட்டுக்குச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. நான் யோசித்தேன். மேற்கே பாறை. கிழக்கே இடம் இருந்தது.

"எவ்ளோ ஆவும்?" என்றேன்.

"இன்னொரு மூணடி. நடுவுல அரை அடி வுடு. நீ எத்தினி?"

"அஞ்சடி ஏழு."

"நில்லு அங்க." டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். நுனியை என் குதிகாலுக்கு அடியில் கொடுத்து மிதிக்கச் சொன்னார், மேலே தலை வரைக்கும் இழுத்தார். நம்பர் தெரியாது, ஆனால் அங்குலக் கோட்டை எண்ணத் தெரியும். இரண்டு தடவை எண்ணினார். "அஞ்சடி நாலுதான். நீ எப்பவும் ரெண்டு மூணு சேத்துதான் சொல்லுவ."

"முன்ன அஞ்சு ஏழு இருந்தேன்."

"முன்ன யாரும் அளக்கல." குதிகாலால் இழுத்த கோட்டை அழித்துவிட்டு மூன்றரை அடி தள்ளிப் புதிதாகக் கீறினார். "இதுக்கு ஒரு நீலம் மாமரம் சேத்துக்கோ. ரெண்டு பெங்களூரா, ஒரு நீலம்."

இந்தத் தடவை நான் தர மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் பேசினோம். நீலம் மரத்தில் இந்த வருஷக் காயை மட்டும் அவர் எடுத்துக்கொள்வது, மரம் என் பக்கமே இருப்பது என்று முடிந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். என் பையில் இருந்த பாட்டிலை வாங்கிப் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தார்.

அன்று அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். நிலைப்படியில் குனியாமல் உள்ளே போனேன், உச்சந்தலையில் இடித்தது. மகளுக்கு போன் போட்டு எல்லா நம்பரையும் சொன்னேன். தெற்குக் கல்லில் இருந்து எத்தனை அடி, எங்கே வளைகிறது, எங்கே திரும்புகிறது. எட்டால் பெருக்கி அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு சத்தம் இல்லை.

"லைன்ல இருக்கியா?" என்றேன்.

"அம்மாவுக்கு நீளம் சொல்லல நைனா."

"அஞ்சடி ரெண்டு அங்குலம்."

அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மூச்சு மட்டும் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குழிக்கு முன்னாலும் பின்னாலும் அரை அடி சேர்த்து ஆறடி இரண்டு அங்குலமாகப் போடு என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் படம் போனுக்கு வந்தது. மண்ணுக்கு நடுவில் சின்னதாக ஒரு கட்டம், அதைச் சுற்றி வளைந்து போகிற ஒரு கோடு. சன்னமான கோடு. அண்ணனிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "கால் வெளிய வரல இல்ல," என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சர்வேயர் வந்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். கம்பத்தின்மேல் தட்டு மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். போனில் இருந்த படத்தை நீட்டினேன், நானே போட்ட கோடு என்று சொன்னேன். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், பிறகு தன் கருவியோடு நடக்க ஆரம்பித்தார். வடக்குக் கல். மரத்துக்கு மேற்கே ஒரு வளைவு. அப்புறம் நேராக வந்து மேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இங்க ஒண்ணுதான் இருக்குது. எதுக்கு ரெண்டு பேர் எடம் வுட்டு வளைக்கறீங்க?"

அண்ணன்தான் பதில் சொன்னார். "அது இவனுக்கு."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். கருவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் அவர் கேட்கப்போகிற எதற்கும் பதில் வைத்திருந்தேன், எத்தனை அடி, எத்தனை புள்ளி, எல்லாம். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே," என்றார். "நீங்க நிக்கற எடத்துலதான் புள்ளி எடுக்கணும்."

நான் ஒரு எட்டு மேற்கே நகர்ந்து, அவள் கால்மாட்டில் நின்றுகொண்டேன். அவர் கம்பத்தை ஊன்றினார்.